அளவு என்கிற விஷயம்

நாவலைப் பக்கக் கணக்கில் எடை போடுகிறவர்களைப் பற்றி நான் பல தடவை குறைப்பட்டுக்கொண்டதுண்டு. "ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறாரே, சாதாரண விஷயமா?" என்று யாராவது கேட்டால், "அரிசி வாங்கும்போதுகூட எடையோடு ரகத்தையும் பார்க்கிறோமே" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே சென்ற கோடை விடுமுறையில் ஒரு கடையில் பெட்டியின் பருமனைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

என் பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் பேட்டர்ன் போடுகிறாள். அவள் பையனுக்குப் பதினோரு வயது. பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாக வருகிற ஜப்பானிய யந்திர மனிதர்களை நறுக்கி எடுத்து, பசையில்லாமலே பொருத்தி நிறுத்துவதில் அவனுக்கு அபாரமான மோகம். அந்த யந்திரங்களுக்குக் 'கண்டம்' என்று பெயர். ஜாதகத்தில் வருகிற கண்டம் அல்ல. 1979-இல் யோஷியுகி டோமினோ இயக்கிய தொலைக்காட்சித் தொடரின் நாயக யந்திரம். மறு வருஷம் ஜூலையில் பண்டாய் கம்பெனி அதை 300 யென் விலையில் பொம்மையாகக் கொண்டுவந்தது. கதைப்படி அதன் உயரம் 18 மீட்டர். பொம்மை அதில் 144-இல் ஒரு பங்கு. ஆகவே பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

144 என்ற எண்ணைக் கேட்டதும் வாசகர்களில் பழைய தலைமுறையினருக்கு ஏதோ ஞாபகம் வந்திருக்கும். பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு. பன்னிரண்டு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் இந்த அளவு வரும். அங்குல தேசத்தார் வகுத்த விகிதம் இது. இன்னொரு விகிதமான நூற்றில் ஒன்று மீட்டர்க்காரர்களுடையது; அதில் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகிறது. பனியனை 85, 90 என்று சென்டிமீட்டரில் விற்றுக்கொண்டே தையற்காரர் நாடாவில் அங்குலமும் பார்க்கிற ஊரில் இந்த இரட்டை வழக்கைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

"அப்புச்சி, எனக்கு விக்டரி வேணுங்க" என்று பேரன் கேட்டிருந்தான். கடையில் அதே பெயரில் இரண்டு பெட்டிகள் இருந்தன. சிறிய பெட்டியில் 1/144 என்றும் பெரியதில் 1/100 என்றும் போட்டிருந்தது. தாத்தா வாங்கிக் கொடுப்பது பெரியதாகத்தான் இருக்கட்டுமே என்று நினைத்தேன். பெரிய பெட்டியின் விலையும் பெரியதாகவே இருந்தது. அதனால் என் திருப்தியும் கூடியது.

மூன்று நாள் உட்கார்ந்து பையன் அதைச் சேர்த்தான். பிறகு அலமாரியில் ஏற்கனவே இருந்த 'நியூ' என்கிற யந்திரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டும் ஒரே உயரம். அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். "நல்லா இருக்குதுங்க அப்புச்சி" என்றான். பிறகு மெதுவாக, "ஆனா கதையிலே இது சின்னதுங்க" என்றான்.

அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. விமர்சகர்கள் எனக்கு எழுதிய எந்தக் கண்டனமும் இவ்வளவு மரியாதையாக இருந்ததில்லை.

கணக்கைப் பார்த்தேன். 'நியூ' 1988-இல் வந்த திரைப்படத்தில் தோன்றியது. உயரம் 22 மீட்டர். 'விக்டரி' 1993-இல் வந்த தொடரில் தோன்றியது, உயரம் 15.2 மீட்டர். கதைக்குள் இரண்டுக்கும் இடையே அறுபது வருஷம் கழிந்திருக்கிறது. யந்திரங்களை முதலில் பெரிதாக்கிக்கொண்டே போன மனிதர்கள் பின்னால் சிறிதாக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தக் கதையிலேயே ஒரு சரித்திரம். பேரனிடம் இருந்த 'நியூ' 144-இல் ஒன்று, அதாவது 15.3 சென்டிமீட்டர். நான் வாங்கிய 'விக்டரி' நூற்றில் ஒன்று, அதாவது 15.2 சென்டிமீட்டர். பக்கத்தில் நிறுத்தியதும் அறுபது வருஷச் சரித்திரம் ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிப்போயிற்று. 144-இல் ஒன்றையே வாங்கியிருந்தால் விக்டரி பத்தரை சென்டிமீட்டர் உயரத்தில், அண்ணனுடைய மார்பளவுக்கு, கதை சொன்னபடியே நின்றிருக்கும்.

விகிதம் என்பது பருமனைக் குறிக்கிற சொல் அல்ல. உறவைக் குறிக்கிற சொல். ஒரே விகிதத்தில் செய்தவை ஒரு குடும்பம். வேறு விகிதத்தில் வந்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வீட்டில் விருந்தாளிதான். இது தெரியாமல் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குவது, கதாபாத்திரங்கள் ஒருவரோடொருவர் எப்படி நிற்கிறார்கள் என்று பாராமல் நாவலின் பக்கங்களை எண்ணுவது போன்றதே.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பெட்டிகளின் மேல் ஹை கிரேடு, ரியல் கிரேடு, மாஸ்டர் கிரேடு, பர்பெக்ட் கிரேடு என்று போட்டிருக்கிறது. நான் இதையும் பருமன் என்றே எண்ணினேன். அதற்குத் திருப்பூர்தான் காரணம். பனியன் கம்பெனியில் 'கிரேடிங்' என்றால் ஒரு பேட்டர்னை அடுத்தடுத்த சைஸுக்குப் பெரிதாக்குவது. ஜப்பானியப் பெட்டியிலோ அது வேலைப்பாட்டின் தரத்தைக் குறிக்கிறது. 1990-இல் வந்த ஹை கிரேடும், 2010-இல் வந்த ரியல் கிரேடும் பெரும்பாலும் 144-இல் ஒன்றுதான். உயரம் ஒன்றே, ஆனால் பின்னதில் துண்டுகள் அதிகம், மூட்டுகள் நுட்பம், சேர்க்கிற சிரமமும் அதிகம். 1995-இல் வந்த மாஸ்டர் கிரேடு நூற்றில் ஒன்று. பர்பெக்ட் கிரேடு பொதுவாக அறுபதில் ஒன்று. அதில் முதல் கண்டம் 30 சென்டிமீட்டர் உயரம். பொடியாக இருப்பதால் சுலபம் என்று நினைத்து ஆறு வயதுக் குழந்தைக்கு ரியல் கிரேடு வாங்குகிறவர் ஒரு வாரம் தாமே உட்கார்ந்து சேர்க்க வேண்டிவரும்.

இதையெல்லாம் என் பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "ஏனுங்கப்பா, பெரிய பனியனைச் சின்னதாக்கினாக் குழந்தைப் பனியன் ஆயிருமுங்களா?" என்று கேட்டாள். பிறந்த குழந்தைக்குத் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவனுக்கு ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று. பெரியவர் பனியனை அப்படியே சுருக்கினால் கழுத்து வழியாகக் குழந்தையின் தலை நுழையாது. அதனால்தான் குழந்தை உடுப்பில் தோள்மேல் தோள் படிகிறாற்போல் மடித்துக் கழுத்தை அகலமாக விடுகிறார்கள். மார்பு 5 சென்டிமீட்டர் கூடும்போது கழுத்து அதே வீதத்தில் கூடுவதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நூல் சுருங்குவதில்லை. முப்பதாம் நம்பர் நூல் தாத்தாவுக்கும் அதே தடிமன், பேரனுக்கும் அதே தடிமன்.

பிளாஸ்டிக் பொம்மைக்கும் இதே விதிதான். 144-இல் ஒன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு, நிஜத்தில் 14.4 சென்டிமீட்டர் இரும்பாக வேண்டும். கத்தி முனைகள் மொண்ணையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். செய்தவனின் சோம்பேறித்தனம் அல்ல. விகிதத்தையே விட்டுவிட்டுத் தலையைப் பெரிதாகவும் காலைக் குட்டையாகவும் வைத்து எஸ்.டி. என்று ஒரு வகை செய்கிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டியில் இறங்கிக் கல்தச்சர்களைப் பார்க்கலாம். நம் சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாலம். பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலம் உயரம், பிள்ளையாருக்கு ஐந்து. பிள்ளையாரைப் பத்துத் தாலத்தில் செய்தால் அவர் பிள்ளையாராக இருக்கமாட்டார். அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவராமல் அந்தந்த உருவத்தின் முகத்திலிருந்தே எடுத்த அந்த ஸ்தபதிகள் பெரிய விமர்சகர்கள் என்று நினைக்கிறேன்.

கதாசிரியர்களில் இதைச் சரியாகக் கண்டவர் ஸ்விஃப்ட். லில்லிபுட் மனிதர்களைவிட கலிவர் பன்னிரண்டு மடங்கு உயரம். ஆனால் அவர்கள் அவனுக்குப் பன்னிரண்டு பேர் சாப்பாடு போடவில்லை. 1728 பேர் சாப்பாடு போட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுகின்றனவே! இதை மறந்தால் கதை பொய்யாகிவிடும், யந்திரமோ விழுந்துவிடும். 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை யோக்கோஹாமாத் துறைமுகத்தில் 18 மீட்டர் உயரக் கண்டம் ஒன்று அசைந்தது. எடை சுமார் 25 டன். பேரனின் அலமாரியில் ஒற்றைக் காலில் நிற்கிற அதே உருவம், அங்கே பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டால்தான் அடி எடுத்து வைத்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதை பலருக்குப் பிடித்திருந்தது. ஒரு பத்திரிகை அதையே தொடர்கதையாக்கித் தரச் சொன்னது. நானும் நாற்பது வாரம் நீட்டினேன். எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் பெருக்கினேன்; ஒரு சந்திப்பு நாலு சந்திப்பாயிற்று, ஒரு மௌனம் இரண்டு அத்தியாயமாயிற்று. ஆனால் கதையின் நூல் அதே மெல்லிய நூல். அது அத்தனை பெரிய உடம்பைத் தாங்கவில்லை. புஸ்தகமாக வந்ததும் தாங்கி இல்லாமல் விழுந்தது.

1924-இல் இங்கிலாந்தில் ராணி மேரிக்காக லட்யன்ஸ் ஒரு பொம்மை வீடு கட்டினார்; டில்லியைக் கட்டினாரே, அதே லட்யன்ஸ்தான். எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த வீட்டுப் புஸ்தகசாலைக்குக் கானன் டாயில் தம் பழைய கதை எதையும் சுருக்கிக் கொடுக்கவில்லை. அந்தத் தீப்பெட்டிப் புஸ்தகத்துக்கென்றே புதிதாக ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதை எழுதினார். தொழில் தெரிந்தவர் செய்கிற காரியம் அது.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் பருமனை நம்ப வேண்டாம். வீட்டில் ஏற்கனவே இருப்பவை எந்த விகிதம் என்று முதலில் பார்க்கட்டும். கதையில் அதன் உயரம் என்ன என்று கேட்டு, விகிதத்தால் வகுக்கட்டும். கிரேடு என்பது சேர்க்கப்போகிற கையின் பொறுமைக்கு ஏற்றதா என்று யோசிக்கட்டும். இந்த மூன்றுக்கும் பிறகு விலையைக் கேட்டால் போதும்.

பேரன் என்னைக் கைவிடவில்லை. விக்டரிக்குத் தனியாக ஒரு தட்டு ஒதுக்கினான். "இதுக்குத் துணையா நியூவையும் நூத்துலே ஒண்ணா வாங்கிட்டா எல்லாம் சரியாயிருமுங்க அப்புச்சி" என்றான். 22 சென்டிமீட்டர். இந்தத் தடவை கடைக்குப் போவதற்கு முன்னால் என் பெண்ணின் நாடாவை வாங்கி அலமாரியை அளந்து பார்த்துக்கொண்டேன்.