ஸ்ப்ளிட்டில் மீன் சாப்பிட, முதலில் நிலவைப் பாருங்கள்

ஸ்ப்ளிட் மீன் சந்தையில் ஈ மொய்ப்பதில்லை. பக்கத்திலேயே கந்தக ஊற்று இருக்கிறது. அந்த நெடிக்கு ஈ அண்டாது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ‘பெஷ்காரியா’ என்பது சந்தையின் செல்லப்பெயர். பழைய ஊரின் மேற்கு ஓரத்தில், மார்மொந்தோவா தெருவை ஒட்டி இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் தெருவில் காபிக்கடைகள் அப்போதுதான் நாற்காலி விரித்துக்கொண்டிருக்கும். சந்தையிலோ கல் மேடையெல்லாம் நனைந்து, பேரம் சூடு பிடித்திருக்கும்.

குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில் இருக்கிற இந்த ஊருக்குப் போகிறவர்கள், “எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும்?” என்று என்னிடம் கேட்டால், உணவகத்தின் பெயரை நான் உடனே சொல்வதில்லை. முதலில் சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்பேன். வாங்க வேண்டாம், பார்த்தால் போதும். இன்றைக்கு என்ன வந்திருக்கிறது, எது நிறைய வந்திருக்கிறது, எது மேடையிலேயே இல்லை என்று தெரிந்துவிட்டால், மத்தியானம் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சந்தையில் இல்லாத மீன் உணவகத்தில் தாராளமாகக் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

மேடைகளில் இரண்டு குலம் இருக்கும். ஒன்று ‘பியேலா ரீபா’, வெள்ளை மீன். ஒராடா, ப்ரன்ட்சின், ஸூபாதாட்ஸ், முள்ளும் செந்நிறமுமாக முறைத்துப் பார்க்கும் ஷ்கார்பீனா, விலாவில் கட்டைவிரல் வைத்து அழுத்தியது போல ஒரு கரும்புள்ளி உள்ள கோவாச். அந்தப் புள்ளி புனித பேதுருவின் விரல் தடம் என்பது ஐதீகம். அதனாலேயே இந்தக் கரையில் அந்த மீனுக்கு ஷான்பியேர் என்றும் பெயர். இன்னொரு குலம் ‘ப்ளாவா ரீபா’, நீல மீன். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி. வெள்ளை மீனுக்கு விலையும் மரியாதையும் அதிகம். விருந்தாளி வந்தால் அதைத்தான் வாங்குவார்கள். ஆனால் இந்தக் கரையை வாழவைத்தது நீல மீன். என்னைக் கேட்டால், முதல் நாளே வெள்ளை மீனுக்குப் போகாமல் மத்தியில் தொடங்குங்கள்.

இங்கேதான் நிலவு வருகிறது. ஏட்ரியாட்டிக் கடலில் மத்தி பிடிப்பது விளக்கைக் கொண்டு. இருட்டு இரவில் படகிலிருந்து பிரகாசமான விளக்கைக் கடல்மேல் காட்டுவார்கள். ஒளியைத் தேடி மீன் கூட்டம் மேலே திரளும். சுற்றி வலை விரித்து வளைத்துவிடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் முழுக்க வெளிச்சம், விளக்குக்கு மதிப்பில்லை. மத்திப் படகுகள் கரையிலேயே கிடக்கும். தேய்பிறை வந்து இருட்டு திரும்பினால்தான் மறுபடி கிளம்பும். அந்த இருட்டு நாட்களுக்கு ‘ம்ராக்’ என்று பெயர், அதாவது இருள். மத்தி கேட்பதற்கு முன் முந்தின இரவு வானத்தைப் பார்த்திருந்தால், பணியாளர் சொல்லும் பதிலை எடைபோட முடியும். முழு நிலவுக்கு மறுநாள் “இன்று காலை பிடித்தது” என்று யாராவது மத்தியை நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

நிலவைப் போலவே காற்றையும் பார்க்க வேண்டும். தென்கிழக்கிலிருந்து ஈரமாக வீசும் ‘யூகோ’ இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடித்தால் சின்னப் படகுகள் கடலுக்குப் போகாது. மலையிலிருந்து இறங்கி அறைகிற ‘பூரா’ அடித்தாலும் அப்படித்தான். அந்த நாட்களில் சந்தை வெறிச்சென்று இருக்கும். நல்ல உணவகம் அதை மறைக்காது. “இன்று மீன் குறைவு, கணவாய் இருக்கிறது” என்று சொல்லிவிடும். அப்படிச் சொல்லும் இடத்துக்கு மறுநாளும் போகலாம்.

நேரம் அடுத்தது. ஊர்க்காரர்கள் மீன் சாப்பிடுவதைப் பார்க்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடையே ‘மாரெந்தா’ என்று ஒரு சாப்பாடு உண்டு. விடியற்காலையில் வேலைக்குப் போனவர்கள் நடுவில் வயிறாரச் சாப்பிடுவது. பல இடங்களில் மாரெந்தாவுக்குத் தனிப் பட்டியல் இருக்கும்; இரவு விலையில் பாதிகூட இருக்காது. வெள்ளிக்கிழமை என்றால் அநேகமாக மீன்தான், இது கத்தோலிக்க ஊர்.

இடம்? அரண்மனைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே ரீவா என்னும் அகலமான கடற்கரை நடைபாதை போகிறது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305இல் பதவியைத் துறந்து வந்து வாழ்ந்த அரண்மனை அது. பழைய ஊரின் பாதி அதற்குள்ளேதான் இருக்கிறது. ரீவாவில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். சாப்பிட, மேற்கே நடந்துகொண்டே இருங்கள். ரீவா முடிகிற இடத்தில் மாதெயுஷ்கா என்ற குட்டித் துறை. மரப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். அதன் பின்னால் மர்யான் குன்றின் அடிவாரத்தில் வேலி வாரோஷ்: மீனவர்களும் குடியானவர்களும் வாழ்ந்த பழைய பேட்டை, கல் வீடுகள், படிகள், கொடியில் காயும் துணிகள். இங்கேதான் ‘கோனோபா’க்கள் நிறைய. ஒரு காலத்தில் மதுவையும் எண்ணெயையும் வைத்திருந்த கீழறைக்குத்தான் அந்தப் பெயர். இப்போது அது வீட்டுச் சமையல் உணவகத்தின் பெயர். தோமிச்சா ஸ்தீனே தெருவில் இருக்கும் ஃபெதிவி குடும்பமாக நடத்துகிற இடம். ஸ்ப்ளிட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதற்கு ஊர்ப்பேச்சில் வழங்கும் சொல்தான் ‘ஃபெதிவி’. துறைக்கு எதிரே இருக்கும் ஃபிஃபே இன்னும் எளிமையானது, பெரிய தட்டு, குறைந்த செலவு. பழைய ஊருக்குள் வில்லா ஸ்பீட்ஸா என்ற சின்ன இடம் உண்டு. அன்றன்று சந்தையில் கிடைத்ததை வைத்து அன்றைய பட்டியலைக் கையால் எழுதுவதற்குப் பெயர் பெற்றது.

சரி, மத்தி வந்துவிட்டது. ‘க்ராதேலே’ என்கிற இரும்புக் கம்பித் தட்டில், தழல்மேல் சுட்டது. உப்பு, ஆலிவ் எண்ணெய், பூண்டும் பார்ஸ்லியும் பொடியாக நறுக்கிக் கலந்த ஒரு பூச்சு, அவ்வளவுதான். கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். ஊர்க்காரர்களே கையால்தான் எடுக்கிறார்கள். தலையை இடது கையால் பிடித்து, முதுகுத் தோலைக் கட்டைவிரலால் லேசாக நெருடினால், சதை ஒரு பாளமாகப் பிரிந்து வரும். கீழே நடுமுள் சீப்பு மாதிரி முழுசாக நிற்கும். அதைத் தூக்கி எறிந்தால் இன்னொரு பாளம். முதல் வாயில் புகை தெரியும், இரண்டாவதில் எண்ணெய். மூன்றாவதில்தான் மீனின் கொழுப்பு, கொஞ்சம் இனிப்போடு, நாக்கின் ஓரத்தில் வந்து நிற்கும். மிளகாயும் புளியும் பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்றுதான் தோன்றும். எலுமிச்சம்பழத்தை உடனே பிழியாமல் நாலு மீன் வரைக்கும் பொறுத்திருங்கள். புதிய மீனுக்கு அதன் தேவை குறைவு என்பது தானாகவே புரியும். பக்கத்தில் ‘ப்ளித்வா’ இருக்கும்: கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்துப் பூண்டும் எண்ணெயும் விட்டுப் பிரட்டியது. அது இல்லாமல் இங்கே சுட்ட மீன் முழுமையாவதில்லை.

வெள்ளை மீனுக்கு வருவோம். அது கிலோக் கணக்கில் விற்பனை. பட்டியலில் இருக்கும் விலை தட்டுக்கு அல்ல, கிலோவுக்கு. முதல் தடவை போனபோது எனக்கு இது உறைக்கவில்லை. தட்டில் வைத்துக் காட்டிய ஸூபாதாட்ஸின் அழகில் மயங்கித் தலையாட்டிவிட்டேன். மீன் 1.4 கிலோ, நாங்கள் இரண்டு பேர். பில்லைப் பார்த்தபின் அந்த மாலை முழுக்கப் பேச்சே எழவில்லை. மீன் அருமையாக இருந்தது என்பது இன்னும் வலிக்கிறது, நிம்மதியாக ரசிக்க முடியவில்லையே என்று. இப்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்கிறேன்: எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை யூரோ ஆகும், ‘திவ்லியா’வா? 2023 ஜனவரி 1 முதல் நாட்டில் யூரோதான் நாணயம். ஆளுக்கு 350 முதல் 400 கிராம் வரை, தலையும் முள்ளும் சேர்த்து, தாராளம்.

‘திவ்லியா’ என்றால் கடலில் தானாக வளர்ந்தது. ஒராடாவும் ப்ரன்ட்சினும் இப்போது பெரும்பாலும் கடல் கூண்டுகளில் வளர்த்தவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. நல்ல பண்ணை மீன் நல்ல மீன்தான், விலையும் குறைவு. கடல் மீன் விலையைக் கொடுத்துப் பண்ணை மீனைச் சாப்பிடக் கூடாது, அவ்வளவே. ஒரே அளவில், ஒரே அச்சில் வார்த்தது போல ஏழெட்டு ஒராடா தட்டில் வந்தால் அவை பண்ணையில் வளர்ந்தவை என்று யூகிக்கலாம். கடல் மீன் அளவு பார்த்து வலையில் விழுவதில்லை. சமையலுக்குப் போகுமுன் முழு மீனைக் காட்டச் சொல்வது இங்கே வழக்கம், கூச்சம் வேண்டாம். கண் உப்பியிருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று நாம் வீட்டில் பார்ப்பதைத்தான் இங்கேயும் பார்க்க வேண்டும். பணியாளர் மேசையிலேயே முள்ளெடுத்துத் தரும்போது தலையைக் கொண்டுபோக விடாதீர்கள். கன்னத்துச் சதைதான் மீனிலேயே மென்மையானது.

ஆனாலும் இந்தக் கரையின் கைவண்ணம் முழுதாகத் தெரிவது ‘ப்ருதெத்’ என்ற குழம்பில். இரண்டு மூன்று வகை மீன் சேர வேண்டும். ஷ்கார்பீனாவும் விலாங்கு போன்ற ஊகோரும் இருந்தால் சிறப்பு. வெங்காயம், தக்காளி, மது, கொஞ்சம் வினிகர். அடுப்பில் ஏறியபின் கரண்டி போடக் கூடாது, மீன் உடைந்துவிடும். சட்டியின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கித்தான் கலப்பார்கள். முள்ளிலிருந்து இறங்கிய பசை குழம்பைக் கெட்டியாக்கும். தொட்டுக்கொள்ள மக்காச்சோளக் களி. மீன் குழம்பும் களியும் தெரிந்தவர்களுக்கு இந்தத் தட்டைப் பார்த்ததும் ஒரு நெருக்கம் வந்துவிடும். ஹ்வார் தீவில் இதற்கு ஒரு வெள்ளைச் சகோதரி உண்டு: தக்காளி இல்லாமல் உருளைக்கிழங்கோடு வேகும் ‘க்ரெகாதா’. இரண்டையும் ஒரே பயணத்தில் சாப்பிட்டுப் பார்க்க முடிந்தால் பாக்கியம்.

கணவாய் மையில் வேகும் கறுப்புச் சோற்றுக்கு ‘ட்ஸ்ர்னி ரிஷோத்’ என்று பெயர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். மை இனிப்பும் உவர்ப்பும் கலந்த ஒரு ஆழம் தரும். சோறு குழையாமல், தட்டைச் சாய்த்தால் மெல்ல நகர வேண்டும். ஊசிக்கணவாய்க்குக் குளிர்காலம்தான் காலம். கோடையில் சுலபமாகக் கிடைக்கிற பொரித்த வளையங்களில் பல தூரக் கடல்களில் பிடித்து உறைய வைத்தவை; “யத்ரான்ஸ்கே?” என்று கேட்டால், உள்ளூர்க் கடலினதா என்று கேட்டதாக அர்த்தம். பேய்க்கணவாய் விஷயம் வேறு. அதை உறைய வைத்து எடுத்தால் நார் தளர்ந்து சதை மிருதுவாகிறது. ஊர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். அதை ‘பேகா’வில் கேளுங்கள்: குவிந்த மூடிக்கு மேலும் தழலை அள்ளிப் போட்டு, உருளைக்கிழங்கோடு மணிக்கணக்கில் வேகவைப்பது. முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமலே பேகா கிடைக்கிறது என்றால் அது முன்பே வெந்து சூடுபடுத்தப்பட்டதாக இருக்கலாம்.

தெற்கே மாலி ஸ்தோன் விரிகுடாவின் சிப்பிகள் மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளையொட்டிச் சதைப்பற்று நிறைந்திருக்கும் என்பது அங்கத்திய கணக்கு. அந்த வாரத்தில் போனால் தவறவிடாதீர்கள். ஒன்றை மட்டும் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்: ‘ப்ர்ஸ்தாட்ஸி’ என்னும், பேரீச்சம்பழ வடிவிலிருக்கும் சிப்பி. அது சுண்ணாம்புப் பாறைக்குள் துளைத்து வாழ்வது. ஐந்து சென்டிமீட்டர் வளர 15 முதல் 35 ஆண்டு ஆகும். எடுக்க வேண்டுமானால் பாறையையே உடைக்க வேண்டும். பாறையோடு அதன்மேல் வாழும் அத்தனையும் போய்விடும். சட்டம் தடைசெய்திருக்கிறது. “உங்களுக்காக மட்டும்” என்று ரகசியமாக நீட்டுகிறவர்கள் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மீன் மூன்று தடவை நீந்த வேண்டும் என்பார்கள் இங்கே: கடலில், எண்ணெயில், மதுவில். குடிக்கிறவர்கள் கோர்ச்சுலா தீவின் போஷிப் வெள்ளை மதுவைக் கேட்கலாம். வயதானவர்கள் சிவப்பு மதுவில் தண்ணீர் கலந்து ‘பெவாந்தா’வாக்கி மத்தியோடு குடிப்பதையும் பார்ப்பீர்கள். குடிக்காதவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீரும் ரொட்டியும் போதும். எண்ணெயைத் துடைத்தெடுக்க ரொட்டியை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் கப்பலேறி விஸ் தீவுக்குப் போய்வாருங்கள். அங்கே கோமிஷா ஊர் மீனவர்கள் ஃபல்கூஷா என்ற படகில், காற்று இல்லாவிட்டால் துடுப்பு போட்டே, 42 கடல் மைல் தள்ளியிருக்கும் பலாக்ருஷா தீவுக்கு மத்தி பிடிக்கப் போனார்கள். நெத்திலியும் வெங்காயமும் தக்காளியும் வைத்துச் சுட்ட அவர்கள் ஊர் அப்பத்துக்கு ‘போகாச்சா’ என்று பெயர். பக்கத்து விஸ் ஊரில் அதையே தக்காளி இல்லாமல் செய்கிறார்கள். எது அசல் என்று இரண்டு ஊரிலும் கேட்டேன். இரண்டு ஊரிலும் இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்த இரவு மாதெயுஷ்காவில் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். நிலவு இன்னும் எழவில்லை. துறைக்கு அப்பால், தீவுகளுக்கு நடுவே, கடல்மேல் நான்கைந்து வெள்ளை வெளிச்சங்கள் அசையாமல் நின்றன. காலையில் சந்தையில் மத்தி இருக்கும்.