கோடிக்கரை மூலிகையும் மன்னனின் நோயும்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வனை அரசுரிமைக் கதையாகப் படிப்பதே வழக்கம். மேய்ப்புப் பணிக்கு அழைக்கப்பட்ட நாம் அதனை மன்னிப்பைப் பற்றிய நாவலாகவும் படித்தல் தகும். அவ்வாறு படிக்குங்கால் கதையின் மையம் தஞ்சை அரண்மனையன்று. கோடிக்கரை என்று நாவல் அழைக்கும் கோடியக்கரையே.

சுந்தர சோழர் கால்கள் செயலிழந்து படுக்கையில் கிடக்கிறார். அவருக்கு மூலிகை தேடும் பெயரில் வைத்தியர் மகனுடன் வந்தியத்தேவன் கோடிக்கரைக் காட்டுக்கு வருகிறான். நோயின் வேரும் அங்கேதான் இருக்கிறது. தம் இளமையில் ஈழத்துத் தீவொன்றில் நேசித்த மந்தாகினி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலில் குதித்து மாண்டாள் என்று மன்னர் நம்புகிறார். இந்நோய்க்குக் காட்டில் மருந்தில்லை. மறைத்த பாவம் எலும்புகளையும் உலரச்செய்யும் என்பதை 32ஆம் சங்கீதத்தில் கற்றிருக்கும் நமக்கு இது புதிதன்று.

மன்னர் ஈற்றில் தம் மகள் குந்தவையிடம் அனைத்தையும் அறிக்கையிடுகிறார். ஆயினும் அமைதி வரவில்லை. ஏன்? மந்தாகினி சாகவில்லை, அவருடைய மகன் அருள்மொழியைக் காவேரி வெள்ளத்திலிருந்து காத்தவளே அவள்தான். அவள் மனத்தில் பழியில்லை. மன்னரோ அவளைப் பழிவாங்க வரும் ஆவியெனக் கண்டு அலறுகிறார். குற்றவுணர்வு கிருபையையும் குற்றச்சாட்டாகவே வாசிக்கும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. அந்த அச்சத்தை நந்தினி தன் கருவியாக்கிக்கொள்கிறாள். மந்தாகினியின் உருவில் நள்ளிரவில் அவர்முன் நிற்கிறாள். ஆறாத குற்றவுணர்வும் ஆறாத வன்மமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இதுவரை கல்கியைப் பாராட்டுகிறோம். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மன்னிப்பவள் வாய் பேசாதவள். பேசத் தெரிந்த நந்தினியோ மன்னிப்பதில்லை. காயமுற்ற வீரபாண்டியனுக்காக அவள் மன்றாடியும் ஆதித்த கரிகாலன் அவன் தலையைக் கொய்தான். அவளுடைய வழக்கை நாவல் சூழ்ச்சியாகக் காட்டுமளவுக்கு நீதிக்குரிய முறையீடாகக் கேட்கவில்லை. மந்தாகினியோ மன்னர்மீது எறியப்பட்ட வேலைத் தான் ஏற்று மடிகிறாள். அவள் பட்ட துயரை அவள் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. மன்னிக்கும் பெண் மௌனமாயிருந்து மடியவேண்டும் என்னும் இலட்சியம் இங்கே நம்மையறியாமல் உள்ளே நுழைகிறது.

நம் பிரசங்க பீடங்களும் இத்தவற்றுக்கு விலக்கல்ல. கணவனால் அடிபட்ட பெண்ணிடம், “மன்னித்துவிடு, உன் மனம் ஆறும்” என்று கூறி அனுப்புவது எளிது. மன்னிப்பு மன்னிப்பவரின் உள்ளத்தை விடுவிக்கிறது என்பது மெய்யே. ஆயின் அவள் சொல்வதைக் கேட்குமுன் அதனைக் கட்டளையாக்கினால், அது அடித்தவனுக்கு மட்டுமே ஆறுதலாகும். யோசேப்பு சகோதரரை மன்னிக்குமுன் உரக்க அழுதான். அவர்கள் தன்னை விற்றதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான். சகேயு நாலத்தனையாகத் திருப்பித்தர முன்வந்தான். வேதம் காட்டும் ஒப்புரவாகுதலில் பேச்சும் உண்டு, ஈடும் உண்டு.

சுந்தர சோழரைப் போன்றோர் நம் சபைகளில் உளர். ஏற்கெனவே அளிக்கப்பட்ட மன்னிப்பை ஏற்க அஞ்சுவோருக்கு அதனை அறிவிப்பது நம் கடமை. மந்தாகினிகளும் உளர். அவர்களிடம் மன்னிப்பைக் கேட்பதற்கு முன் அவர்கள் கதையைக் கேட்போமாக.