நடக்காத சரித்திரம்

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குக் கல்வெட்டு ஒரு வேலி. ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எந்த யுத்தத்தில் தோற்றான் என்பதில் கைவைக்க அவனுக்கு உரிமை இல்லை. வேலிக்குள்ளே எத்தனை குதிரைகளை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். அந்த வேலியையே பிடுங்கி எறிந்துவிட்டு, நடக்காத சரித்திரத்தில் இளம் வாசகர்களுக்குச் சாகஸக் கதை சொல்லுகிற ஒரு வகை இங்கிலீஷில் இருக்கிறது. அவற்றில் ஜோன் எய்க்கன் என்ற அம்மாள் எழுதியவை என் மனசில் நின்றவை.

நிஜச் சரித்திரம் இதுதான். ஸ்டூவர்ட் வம்சத்து இரண்டாம் ஜேம்ஸ் 1688-ல் இங்கிலாந்தை விட்டு ஓடினார். 1714-ல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து ஜார்ஜ் வந்து சிம்மாசனம் ஏறினார். ஸ்டூவர்ட் கட்சியார் லேசில் விடவில்லை. 1745-ல் கலகம் செய்தார்கள். மறு வருஷம் கலோடனில் அடியோடு தோற்றார்கள். எய்க்கன் அம்மாள் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார். அவருடைய இங்கிலாந்தில் 1832-ல் மூன்றாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வருகிறார். நிஜத்தில் 1994-ல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை அப்போதே டோவரிலிருந்து கலே வரையில் தயாராகிவிட்டது. கடுங்குளிருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஓநாய்கள் அதன் வழியாக வருகின்றன!

இவ்வளவையும் ஒரு சின்ன முன்குறிப்பில் சொல்லி முடித்துவிடுகிறார். 1962-ல் வந்த 'வில்லோபி மாளிகை ஓநாய்க'ளில் ராஜாவைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கவலையே இல்லை. பெற்றோர் கப்பலேறிப் போனதும், பானி, சில்வியா என்ற இரண்டு சிறுமிகளும் ஸ்லைகார்ப் என்ற ஆசிரியையிடம் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவள் மாளிகையைச் சுருட்டிக்கொண்டு, அவர்களைப் பிளாஸ்ட்பர்ன் என்ற புகைபிடித்த தொழில் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடுகிறாள். பள்ளிக்கூடம் என்பது பெயருக்குத்தான். குழந்தைகள் துணி வெளுக்கிறார்கள்; பட்டினி கிடக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்தால், தலைவி பிரிஸ்கெட் அம்மாள் கூடையிலிருந்து ஒரு துண்டு பாலாடைக்கட்டி எடுத்துக் கொடுப்பாள்.

இந்தத் துண்டுப் பாலாடைக்கட்டிக்காகவே நான் இந்த நாவலை மதிக்கிறேன். பிரம்பைப் பற்றி யாரும் எழுதிவிடலாம். பசித்த குழந்தையைக் கோள் சொல்ல வைக்கும் விலை எவ்வளவு அற்பம் என்று கண்டு எழுதுவதற்குத் தனிக் கண் வேண்டும். வம்சம் மாறினாலும் பிரிஸ்கெட்டின் பள்ளிக்கூடம் மாறவில்லை. அதனால்தான் அந்த ஓநாய்களையும் நாம் நம்புகிறோம்.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் 2009-ல் எழுதிய 'லெவயதன்' வேறு மாதிரி. 1914-ல் யுத்தம் மூளுகிறது. ஜெர்மன் பக்கம் கால் முளைத்த இரும்பு யந்திரங்கள். பிரிட்டிஷ் பக்கம், உயிர்களைக் கலந்து வளர்த்த பறக்கும் திமிங்கிலம். கதை ஓட்டமாக ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் திமிங்கிலம் எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டே வருகிறார். முடிவில் எது நிஜம், எது கற்பனை என்று பிரித்தும் காட்டிவிடுகிறார். சமையற்காரர் இலைக்குப் பக்கத்தில் நின்று, போட்ட சாமான்களுக்குக் கணக்குச் சொல்லுகிற மாதிரி இருக்கிறது. சாப்பிடுகிறவனைச் சற்றுத் தனியாக விடக்கூடாதா?

எய்க்கன் அம்மாளிடமும் குறை உண்டு. 1964-ல் வந்த 'பாட்டர்சியின் கறுப்பு நெஞ்சங்க'ளில், முதல் கதையில் குகையில் வசித்த அநாதைப் பையன் சைமன், பிரபு வம்சத்து வாரிசு என்று தெரியவருகிறது. நம் பழைய நாடகக்காரர்கள் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிய தந்திரம் இது. தன் கையால் பிழைக்கத் தெரிந்த பையனுக்கு எதற்கு இந்தப் பட்டம்?

ஆனால் அதே புத்தகத்தில் டைடோ ட்வைட் வருகிறாள். லண்டனில் சைமன் குடியிருக்கப் போகும் வீட்டுப் பெண் அவள். வீட்டார் ஹானோவர் கட்சி, நிலவறையில் துப்பாக்கிகள். நிஜத்தில் எந்தக் கட்சி ஜெயித்து ஆண்டதோ, அது இங்கே ராஜாவைக் கொல்லப் பார்க்கிற சதிக்கூட்டம். துரோகி என்ற பெயர் யாருக்கு ஒட்டும் என்பதைத் தோல்விதான் நிச்சயிக்கிறது என்று ஆசிரியர் எங்கும் உபதேசிக்கவில்லை. பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைக்கே அது பட்டுவிடும். அந்தச் சதிகார வீட்டில், கவனிப்பாரின்றி, அழுக்கும் வாய்த்துடுக்குமாக வளரும் குழந்தைதான் இந்த வரிசைக் கதைகளிலேயே உயிருள்ள ஜீவன்.

கடைசியில் டைடோவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறோம். 1966-ல் வந்த கதையில் அவள் நான்டக்கெட் தீவில் தலைகாட்டுகிறாள். அங்கிருந்தே அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் அரண்மனையைச் சுட ஹானோவர்காரர்கள் ஒரு பீரங்கியை நிறுத்தியிருக்கிறார்கள். 1971-ல் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டாபிஷேகத்தின்போது செயிண்ட் பால் தேவாலயத்தையே உருளைகளின் மேல் ஏற்றித் தேம்ஸ் நதிக்குள் தள்ளத் திட்டம் போடுகிறார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன். அந்தப் பக்கங்களில் டைடோ இருந்தாள். விளக்கை அணைக்காமல் படித்துக்கொண்டே போனேன்.