சாட்சியா, தியாகியா? – 'ஷாஹித்' திரைப்படத்தை முன்வைத்து

அரபு மொழியில் 'ஷாஹித்' என்பது சாட்சி. 'ஷஹீத்' என்பது இறைவழியில் உயிர் துறந்தவர். ஒரே வேரில் கிளைத்த இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே, ஹன்ஸல் மேத்தா இயக்கி 2013இல் திரைக்கு வந்த 'ஷாஹித்' படத்தை மதிப்பிட உரிய அளவுகோலென நாம் கருதுகிறோம்.

மும்பை வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மி, 1992-93 கலவரத்தைப் பதின்ம வயதில் கண்டவர். காஷ்மீர் சென்று திரும்பியவர். 1994இல் தடா சட்டத்தில் கைதானார். தாம் அளிக்கவே இல்லை என்று அவர் மறுத்த வாக்குமூலமே அவருக்கெதிரான சான்றாயிற்று. திகார் சிறையில் ஆண்டுகளைக் கழித்து, அங்கிருந்தே கல்வியைத் தொடர்ந்து, விடுதலைக்குப் பின் சட்டம் பயின்றார். ஏழாண்டுப் பணியில் 17 பேருக்கு விடுதலை பெற்றுத் தந்தார். 2010 பிப்ரவரி 11 அன்று குர்லாவில் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

இவ்வாழ்வைப் படம் கூச்சலின்றிச் சொல்கிறது. ராஜ்குமார் ராவின் அடக்கமான நடிப்பு பெற்ற தேசிய விருது தகுதியானதே. காவலில் அவர் வதைபடும் காட்சியையும் இயக்குநர் தவிர்க்கவில்லை. ஆயினும், அவ்வதை ஒரு மனிதருக்கு நேர்ந்த துயரமாக நிற்கிறதேயன்றி, ஒரு சட்ட ஏற்பாட்டின் விளைவாக விரியவில்லை. நம் குறை இதுவே.

காவல்துறையினரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கெதிராகச் செல்லாது என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அவ்விதியைக் காக்கிறது. தடாவும் பொடாவும் மகாராஷ்டிரத்தின் 'மோக்கா'வும் அந்த வேலியைப் பிடுங்கின. உயர் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சான்றாகும் என்றானபின், வதைக்கு ஒரு பயன் கிடைத்துவிடுகிறது. ஆஸ்மி போராடியது இந்தப் பயனுக்கு எதிராகத்தான். 2006 ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் மோக்கா பொருந்தாதென வாதிட்டு, 2008இல் உச்சநீதிமன்றத்தில் விசாரணைக்குத் தடை பெற்றார். அவர் மறைந்து இரண்டு மாதங்களில், 2010 ஏப்ரலில், அச்சட்டம் செல்லும் என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இஸ்லாமியச் சட்ட மரபுக்கு இது புதிய வழக்கன்று. பசியாலும் அச்சத்தாலும் சிறையாலும் நெருக்கப்பட்டவர் தமக்கெதிராகவே சொல்வதை நம்பலாகாது என்பது உமர் (ரலி) அவர்களின் கருத்தாக அறிவிக்கப்படுகிறது. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், சந்தேகத்தின் பேரில் அடித்துப் பெறும் ஒப்புதலைச் செல்லாததென ஒதுக்குகிறார். உலகில் மனிதர்களை வதைப்போரை இறைவன் வதைப்பான் என்ற நபிமொழி, வெயிலில் நிறுத்தப்பட்ட வரிப் பாக்கிதாரர்களைக் கண்டு நபித்தோழர் ஒருவர் ஆட்சியாளரிடம் எடுத்துரைத்தது. அவரும் ஒரு ஷாஹிதே.

ரயில் வழக்கில் 2015இல் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 21 அன்று விடுவித்தது. வாக்குமூலங்கள் வதையின் மூலம் பெறப்பட்டவை என்று கூறி அவற்றை ஏற்க மறுத்தது. மூன்று நாட்களில், இத்தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாதென உச்சநீதிமன்றம் இடைக்காலமாகக் கட்டளையிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் உயிரிழந்த பயணிகளின் குடும்பங்களுக்கு உண்மைக் குற்றவாளி யாரென்று தெரியவில்லை. வதை நிரபராதியைச் சிறையிலிட்டதோடு, குற்றவாளியையும் மறைத்துவிட்டது.

வதைக்கெதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய வதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. நம் சமுதாயம் ஆஸ்மியைத் தியாகியாக நினைவுகூர்வது இயல்பு. படமும் அந்நினைவுக்குத் துணை செய்கிறது. ஆனால் அஞ்சலிக் கூட்டங்கள் அந்தச் சட்டப் பிரிவை அசைக்கா. வழக்குக் கட்டுகளை வரிவரியாகப் படித்து, வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டதென்று நீதிமன்றத்தில் கேட்கத் தெரிந்த வழக்கறிஞர்களே அதைச் செய்ய முடியும். அத்தகையோரை உருவாக்குவதே அவர் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.