பூட்டும் திறப்பும்: ஓர் உவமையின் எல்லை

விஞ்ஞானம் பயிலாத மாணாக்கர்க்கு இரசாயனத்தின் தொடக்கப் பாடத்தில் நொதியத்தை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் பூட்டையும் திறப்பையும் உவமை காட்டி அமைந்துவிடுவர். 1894ஆம் ஆண்டில் எமில் பிஷர் கூறிய இவ்வுவமை, நொதியம் தனக்குரிய பொருளையே தேர்ந்து தாக்கும் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. சோற்றின் மாப்பொருளைச் சிதைக்கும் உமிழ்நீர் நொதியம் பஞ்சின் செலுலோசைத் தீண்டாது. இரண்டும் குளுக்கோசு அலகுகளால் ஆயவையெனினும் அவ்வலகுகளின் பிணைப்பு வேறு.

ஆயின், பூட்டு வடிவம் மாறாதது. நொதியமோ, பொருள் வந்து பொருந்துங்கால் தானும் வடிவம் நெகிழும் என 1958இல் டானியல் கொஷ்லன்ட் எடுத்துரைத்தார். இதனைக் கூறாதுவிடின் மாணாக்கர் உவமையையே பொருளென மயங்குவர்.

முகத்தை மதியென்றால் மதியின் மறுவை முகத்தில் தேடலாகாது என்பதை இலக்கிய மாணாக்கர் நன்கறிவர். அவ்வறிவே இங்குத் துணையாகும். உவமை பொருந்துமிடத்தோடு பொருந்தாவிடத்தையும் காட்டுவதே நற்போதனை.