'பாதை தெரியுது பார்': உழைப்பு உரிப்பொருளாதல்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொழிலையும் 'செய்தி' என்னும் பெயரால் அவற்றுள் அடக்கினார். உரிப்பொருளோ புணர்தல் முதலிய ஒழுக்கமே. நம் திரைப்படங்களிலும் பெரும்பாலும் இம்முறையே நிலவுகிறது: ஆலை பின்னே நிற்கும், காதல் முன்னே நடக்கும். தொழிலாளர் வாழ்வையே உரிப்பொருளாக்க முயன்ற 'பாதை தெரியுது பார்' (1960) ஆய்வாளர் நோக்கில் போதிய இடம் பெறாமை வருந்தத்தக்கது.

இதனை இயக்கிய நிமாய் கோஷ் வங்கத்தவர், ஒளிப்பதிவாளர். நாட்டுப் பிரிவினையால் வேரிழந்த மக்களைப் பற்றி அவர் எடுத்த 'சின்னமூல்' (1950) என்னும் படத்தை, இந்தியா வந்த சோவியத்து இயக்குநர் புடோவ்கின் கண்டு பாராட்டினார். அது சோவியத்து நாட்டிலும் திரையிடப்பெற்றது. கார்க்கியின் 'தாய்' நாவலை 1926-இல் படமாக்கியவர் இந்தப் புடோவ்கினே. அந்நாவலைத் தமிழில் தந்தவர் தொ. மு. சி. ரகுநாதன். எனவே இப்படத்தின் மரபை வங்கத்திலும் உருசியத்திலும் மட்டும் தேடுதல் பொருந்தாது; ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) காட்டும் நெசவாளர் துயரும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

நடுவண் அரசின் நற்சான்றிதழ் பெற்ற இப்படத்தின் பிரதி இன்று கிட்டுவதில்லை. எம். பி. சீனிவாசன் இசையமைத்த பாடல்களே எஞ்சின. அவற்றுள்ளும் ஜெயகாந்தன் இயற்ற, பி. பி. சீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய காதற்பாட்டே பலர் நாவில் வாழ்கிறது. உழைப்பை உரிப்பொருளாக்க எழுந்த படைப்பு காதற்பாட்டால் மட்டும் நினைக்கப்படுதல் விந்தையே! பாட்டைக் கொண்டு படத்தை மதிப்பிடுவது, உதிரிச் செய்யுள் சில கொண்டு மறைந்த காப்பியத்தை மதிப்பிடுவது போலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்பகுதியிலிருந்து நோக்குங்கால் மற்றொரு வினாவும் எழுகிறது. இங்குத் 'தொழிலாளி' என்னும் பொதுச்சொல் போதாது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலை மயிர் நீக்குபவர், சதை சீவுபவர், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைப்பவர் ஆகியோர் கைகள் வேறு, நோய்களும் வேறு. திண்டுக்கல் தோல் தொழிலாளரைப் பாடுபொருளாக்கிய டி. செல்வராஜின் 'தோல்', 2012-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. தொழிலின் இத்தகைய நுண்மைக்கு அந்நாவலில் இடம் உண்டு. 1960-ஆம் ஆண்டுப் படத்தில் சங்கத்தின் குரல் மட்டும் ஒலித்ததா, வேலை செய்யும் கையும் தெரிந்ததா என்பதே திறனாய்வு கேட்க வேண்டிய கேள்வி.

விடைக்குச் சான்று இருவகை. ஒன்று, திரையரங்குகளில் விற்ற பாட்டுப்புத்தகம். அதன் கதைச்சுருக்கம் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கைவிரிப்பது வழக்கமாயினும் காட்சி வரிசைக்கு உதவும். மற்றொன்று, அன்று படம் பார்த்தோர் நினைவு. 1960-இல் இருபது வயதினர் இன்று எண்பத்தைந்தைத் தொட்டவர். ஆம்பூர்த் தெருக்களில் முதிய தோல் தொழிலாளரைக் கண்டு கேட்டு எழுதும் பணியை முதுகலை மாணவர் இவ்வாண்டே தொடங்குதல் வேண்டும்.