ஆர்கானிக் முத்திரை யார் பெயரில் இருக்கிறது?

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய ஒரு சின்ன இயற்கை அங்காடிக்குப் போன வாரம் எள் வாங்கப் போனேன். அலமாரியில் மூன்று பாக்கெட். ஒன்றில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை, இன்னொன்றில் ‘பி.ஜி.எஸ். இந்தியா’. மூன்றாவதில் முத்திரையே இல்லை, ‘நஞ்சில்லா விளைச்சல்’ என்று ஒரு வரி மட்டும். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார், விலைதான் வேற” என்றார் கடைக்காரர்.

விலையைப் பற்றி அவர் சொன்னது சரி. மற்றது சரியில்லை. மூன்றும் மூன்று வேறு உலகங்கள். அதில் முதல் முத்திரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அது நமக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

அந்த முத்திரைக்குப் பின்னால் இருப்பது என்.பி.ஓ.பி., அதாவது தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். 2000-ல் வந்தது. கொண்டுவந்தது வேளாண் அமைச்சகம் இல்லை, வர்த்தக அமைச்சகம். 2001-ல் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது. நடத்துவது ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபெடா. ஒரு விவசாய முறைக்கான நாட்டின் முதல் தர வரையறை, துறைமுகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஜெர்மனிக்காரன் கேட்டான், காகிதம் தயாரித்தோம். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் விதிக்குச் சமமானது என்று ஏற்றது, அமெரிக்காவும் அதே வருடம் நம் அங்கீகார முறையை ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தப் பிறவிக்குணம் அந்த ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

ஆவணம் என்ன கேட்கிறது? ரசாயனத்தை நிறுத்திய நிலத்துக்கு மாற்றக் காலம்: ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, தென்னை, மா மாதிரி நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு. பக்கத்து வயலில் இருந்து மருந்து வந்து விழாமல் இருக்க இடைவெளி. இடுபொருள், விதை, அறுவடை எல்லாவற்றுக்கும் பதிவேடு. விற்கும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பரிவர்த்தனைச் சான்று, எல்லாம் டிரேஸ்நெட் என்ற இணையப் பதிவில். மூன்றாம் தரப்பு நிறுவனம் வந்து பார்க்கும். தமிழ்நாட்டில் அரசே நடத்தும் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரில் இருக்கிறது. அதன் பெயரில் ‘அங்ககச் சான்றளிப்பு’ என்று இருக்கும். விவசாயிகள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை, எல்லாருக்கும் ‘ஆர்கானிக் சர்டிபிகேட்’தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்று தரப்படுவது எள்ளுக்கு இல்லை, எள் விளைந்த முறைக்கு. பாக்கெட்டைப் பார்த்து “இதில் விஷம் இல்லை என்று சோதித்திருக்கிறார்கள்” என்று நினைக்கிறோமே, அது தப்பு. “விஷம் போடாமல் வளர்த்ததாகப் பதிவேடு சொல்கிறது, அந்தப் பதிவேட்டை ஒருவர் பார்த்திருக்கிறார்” என்பதுதான் அதன் அர்த்தம். மாதிரி எடுத்துப் பரிசோதிப்பதும் உண்டு, ஆனால் அடித்தளம் பதிவேடுதான்.

சரி, ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் இத்தனை பதிவேட்டை எப்படி எழுதுவார், ஆய்வுக் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்? அதற்காக வந்ததுதான் குழுச் சான்று. 25 முதல் 500 விவசாயிகள் ஒரு குழு. குழுவுக்குள்ளேயே ஒரு உள்கட்டுப்பாட்டு அமைப்பு, அதன் ஆட்கள் எல்லா வயலையும் பார்ப்பார்கள். வெளியில் இருந்து வரும் ஆய்வாளர் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பார்த்தால் போதும், ஆபத்து அதிகம் என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். 400 பேர் குழுவில் 20 வயல். கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவார். கெட்ட ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். இது இல்லாமல் சிறு விவசாயி உள்ளே வந்திருக்கவே முடியாது.

ஆனால் சான்று யார் பெயரில் வரும்? குழுவின் பெயரில். குழுவை அமைத்து, கட்டணம் கட்டி, பதிவேட்டை வைத்திருப்பது பல இடங்களில் சரக்கை வாங்கும் ஏற்றுமதி நிறுவனமே. அதாவது மூன்று வருடம் மகசூல் குறைவைத் தாங்கி நிலத்தை மாற்றியவர் விவசாயி, அந்த மாற்றத்தின் பத்திரம் வாங்குபவர் கையில். நாளைக்கு அடையாறில் ஒரு கடை நல்ல விலை தருகிறேன் என்றால் அவர் தன் எள்ளை ‘சான்று பெற்ற ஆர்கானிக்’ என்று விற்க முடியாது. அதே நிலம், அதே எள், ஆனால் காகிதம் கூட வராது. இந்தத் திட்டத்தின் மீது எனக்கு இருக்கும் முதன்மையான புகார் இதுதான். மோசடி நடக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள், மோசடியே இல்லாமல் ஒழுங்காக நடந்தாலும் இது இப்படித்தான் இருந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

எள்ளுக்கே வருவோம். 2020 செப்டம்பரில் இந்தியாவில் இருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரிக்கை கொடுத்தது. இது வயலில் தெளிக்கும் மருந்து இல்லை. சால்மோனெல்லா கிருமியைக் கொல்ல அறுவடைக்குப் பின் சரக்குக்குக் காட்டும் வாயு. ஐரோப்பா எள்ளுக்கு அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அமெரிக்காவோ சாதாரண எள்ளுக்கு 7 வரை விடுகிறது, 140 மடங்கு. ஒரு பக்கம் கிருமி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், இன்னொரு பக்கம் கிருமியைக் கொன்ற வாயு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். நடுவில் இருக்கும் ஏற்றுமதியாளர் மேல் கொஞ்சம் இரக்கம் வரத்தான் செய்கிறது. ஆனால் ஆர்கானிக் என்று பெயர் போட்ட சரக்கில் இந்த வாயுவுக்கு எந்த நாட்டிலும் இடமில்லை. அந்தச் சரக்கிலும் அது இருந்தது. வயலில் 3 வருடம் எழுதிய பதிவேடு எல்லாம் கிடங்கில் ஒரே நாளில் வீணாகிவிட்டது.

விளைவு வேகமாக வந்தது. ஐந்து சான்றளிப்பு நிறுவனங்களை 2022 தொடக்கத்தில் இருந்து ஐரோப்பா தன் பட்டியலில் இருந்து எடுத்தது. அமெரிக்கா அதற்கு முன்பே, 2021 ஜனவரியில், 2006 ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 18 மாதம் அவகாசம், அதற்குள் எல்லாரும் அமெரிக்க வேளாண் துறையின் நேரடி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மறுபடி சான்று வாங்க வேண்டும். தவறு கிடங்கில், மேற்பார்வையில். தண்டனையில் பங்கு எள் விதைத்தவனுக்கும்.

2022-ல் அமலுக்கு வந்த ஐரோப்பாவின் புதிய விதி, குழு என்றால் அது சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது, 2000 பேருக்கு மேல் கூடாது. 2025 ஜனவரியில் வெளியான என்.பி.ஓ.பி. எட்டாம் பதிப்பும் விவசாயிக் குழுவுக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து தருகிறது. 25 வருடம் கழித்து, அதுவும் வெளியில் இருந்து நெருக்கடி வந்த பிறகு. இருந்தாலும் நல்ல திருத்தம் என்றுதான் சொல்வேன். குழு உண்மையிலேயே விவசாயிகளுடையதா, அல்லது பழைய கம்பெனியே புதுப் பதிவு எண்ணோடு வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடையாறு, மயிலாப்பூர் பக்கம் இயற்கை உணவு நண்பர்களிடம் இதைப் பேசினால், “சான்றே வேண்டாம், நம்பிக்கை போதும்” என்பார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். ரோட்டர்டாமில் இருப்பவருக்கு விருத்தாசலத்து விவசாயி மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? தூரத்துக்குக் காகிதம் வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே காகிதத்தைக் கேட்பதுதான் பிரச்சினை. 2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ஆர்கானிக் என்று பெயர் போட என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோரிடம் விற்றால் மட்டும் விலக்கு. பி.ஜி.எஸ். என்பது குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை. செலவு குறைவு, ஆனால் ஏற்றுமதிக்குச் செல்லாது. (அதில் ‘கிரீன்’ என்று இருந்தால் நிலம் இன்னும் மாற்றக் காலத்தில் இருக்கிறது என்று பொருள். பலர் அதை உயர்ந்த தரம் என்று நினைத்து வாங்குகிறார்கள்!) அந்த மூன்றாவது பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லே இல்லாமல் ‘நஞ்சில்லா விளைச்சல்’ என்று இருந்ததன் காரணமும் இந்த விதிதான். விவசாயிக்கும் எனக்கும் நடுவில் கடை வந்துவிட்டது, விலக்கு போய்விட்டது.

முதல் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் எண்ணும் இருந்தது, எள் எந்த ஊரில் விளைந்தது என்று இல்லை. மூன்றாவதைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் ஊரைச் சொன்னார், விவசாயியின் பெயரைச் சொன்னார், “இந்த தடவ மழை ஏமாத்திடுச்சு, கொஞ்சம் பொடியா இருக்கும்” என்றும் சொன்னார். அதையே அரை கிலோ வாங்கி வந்தேன். பொடியாகத்தான் இருக்கிறது.